உப்பு வாளியில் மூன்று துண்டுகள்

போன ஜனவரியில் பழைய கதவு
பாதி இறங்கி நின்றுவிட்டது.
உள்ளே ஒரு மினிவேன்,
மினிவேனுக்குள் ஒரு பல் மருத்துவர்,
அவர் மடியில் வெடவெடத்தபடி ஒரு நாய்.
ஸ்பிரிங் அறுந்த சத்தத்தில்
எதிர்ச்சாரி பேக்கரிக்காரர்
துப்பாக்கிச் சூடு என்று தரையில் படுத்துவிட்டாராம்.

டெல்பர்ட் ராட் கடப்பாரையோடு ஓடினான்.
தண்டவாளம் முழுக்கப் பனிக்கட்டி, பல் பல்லாக.
நாற்பது நிமிடம் தட்டினான்.
அந்த நாற்பது நிமிடமும்
என் கொதிகலன் சூடாக்கியது கடையை அல்ல,
சஸ்காச்சுவான் மாகாணத்தை.

பிரின்ஸ் ஆல்பர்ட்டில்
குளிர்காலத்தில் கார் கழுவுவது சொகுசு இல்லை.
சாலையில் தூவும் உப்பு
தகரத்தைக் கறையான் போலத் தின்னும்.
நாளுக்கு இருநூற்றறுபது வண்டி.
நுழைய ஒருமுறை, போக ஒருமுறை.
திறக்கும்போதெல்லாம் குளிர்
ஒரு கவளம் சூட்டை அள்ளிக்கொண்டு போகும்.
மாதக்கடைசியில் எரிவாயு பில்லாக
அது திரும்பி வரும்.

ரெஜைனாவிலிருந்து கர்டிஸ் ஃப்ரீசன் வந்தார்,
பளபளக்கும் காகிதங்களோடு.
"மூன்றே விநாடியில் திறக்கும்" என்றார்.
"எங்கே திறக்கும்?" என்றேன்.
"எங்கள் காட்சிக்கூடத்தில்."
"அங்கே எத்தனை டிகிரி?"
சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

காற்றழுத்தத்தில் ஓடுவதா? குழாயில் ஈரம் உறைந்தால்?
மோட்டாரா? பெட்டிக்குள் நுரை புகுந்தால்?
உள்ளே எழும் ஆவியை
வண்டி என்று நம்பி உங்கள் மின்கண்
கதவை மூடவே விடாவிட்டால்?
தண்டவாளம் துத்தநாகம் பூசியதா,
துருவே பிடிக்காத எஃகா?
ஸ்பிரிங் உண்டா?
"இல்லை" என்றார்.
அந்த ஒரு சொல்லுக்காக
அவருக்கு இரண்டாவது காபி கிடைத்தது.

மூன்று மாதிரித் துண்டுகளை விட்டுப் போனார்.
சாலை உப்பு, சோப்பு, மெழுகு கலந்த வாளியில்
மூன்றையும் முக்கி எடுத்து
பின்வேலியில் கம்பியால் கட்டினேன்.
இரவு மைனஸ் முப்பத்தெட்டு.

காலையில் டெல்பர்ட் சுத்தியலோடு நின்றான்.
முதல் துண்டு, மலிவானது,
அப்பளமாக நொறுங்கியது.
இரண்டாவது பாலிகார்பனேட்:
உடையவில்லை, வளையவும் இல்லை,
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
விறைத்து நின்றது.
மூன்றாவது, உள்ளே நூல் பின்னிய தடித்த வினைல்,
முனகியது. ஆனால் மடிந்தது.
டெல்பர்ட் அதைக் கையில் சுற்றிக்கொண்டு
"இது நம்ம ஆள்" என்றான்.

விலையைப் பார்த்த லெசியா,
என் தங்கை, கணக்கு அவள் கையில்,
"இந்தப் பணத்தில் பழைய மாதிரியே
மூன்று கதவு வாங்கலாம், ஒரீசியா" என்றாள்.
"வாங்கித்தான் இருக்கிறோமே" என்றேன்.
அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

புதுக் கதவு வந்த ஒன்பதாம் நாள்
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன்
பிக்கப்பை முன்னால் எடுப்பதாக நினைத்துப்
பின்னால் எடுத்தான்.
பட்டன் துளையிலிருந்து நழுவும் பட்டனாய்
திரை தண்டவாளத்திலிருந்து கழன்று விழுந்தது.
பதினொரு வருடமாகத் தீட்டி வைத்திருந்த
வசவுகளோடு நான் வெளியே பாய்ந்தேன்.

அதற்குள் அது மேலே போனது.
கீழே வந்தது.
வரும்போதே இரு விளிம்பையும்
தானே கோத்துக்கொண்டு
ஒன்றும் நடக்காத முகத்தோடு தரையைத் தொட்டது.

வாய் திறந்தபடி நான்.
வசவுகளுக்கு வேலையில்லை.
"எவ்வளவு கட்டணும்?" என்றான் பையன், அழாத குறையாக.
"பதினாலு டாலர்.
மெழுகும் வேண்டுமென்றால் பதினெட்டு."

மெழுகும் போட்டுக்கொண்டான்.

டெல்பர்ட் பராமரிப்பு நோட்டில் எழுதினான்:
இடி ஒன்று. சேதம், பின்விளக்கு. அவனுடையது.

லெசியா அதைப் படித்தாள்.
"ஏப்ரல் வரட்டும்" என்றாள்,
எரிவாயு பில்லைப் பிரித்தபடி.