இருபத்தெட்டு

ஸுக்தீதியில் ஆகஸ்ட். மின்விசிறியை நான் போடுவதில்லை.
போட்டால் என் மேசையில் இருப்பவை
மேசையில் இருக்கா.

முர்த்தாஸ் ஷோனியா ஒரு தீப்பெட்டியோடு வந்தார்.
உள்ளே ஹேசல் இலை, அதன் அடிப்புறத்தில் முட்டைகள்.
"இருபத்தெட்டு, எண்ணிவிட்டேன்" என்றார்.
எல்லோரும் எண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள்.
பெரும்பாலும் அதே இருபத்தெட்டுதான்,
கணக்கில் நேர்மையான பகை.

தாயை அவருக்கு நன்றாகத் தெரியும்:
கேடயம் போன்ற முதுகு, புள்ளி தெறித்த பழுப்பு,
உணர்கொம்பில் வெள்ளை வளையம்.
போன வருடக் கொட்டைகளை உறிஞ்சியது அதுதான்.
உடைத்தால் உள்ளே சுருங்கிய தக்கை.
பனிக்காலத்தில் திரைச்சீலை மடிப்பில், காலணிக்குள்,
லாமாராவின் தையல் பெட்டியில்கூட.
நசுக்கினால் அழுகிய கொத்தமல்லி.
கொத்தமல்லி இல்லாமல் அடுப்பு மூட்டாத ஊர் இது;
லாமாரா இப்போது அதை நறுக்குமுன்
ஜன்னலைத் திறந்துவைக்கிறாளாம்.

"நாளைக் காலை மருந்தடிக்கிறேன்.
டிராக்டருக்குச் சொல்லியாயிற்று."

முட்டை முதலில் என்ன நிறம் என்று கேட்டேன்.
"வெளிர்பச்சை. இப்போது பாருங்கள்,
மழைக்கு முந்தின வானம்."
அந்தச் சொல்லுக்காகவே நாற்காலி போட்டேன்.

நாவாய்ப்பூச்சியின் குஞ்சு பிறக்கையில்
மூடியை வட்டம் பிசகாமல் திறந்து வரும்.
முக்கோணமாய் ஒரு சாவியை
வாசலிலேயே விட்டுப்போகும்.
லென்சின் கீழே ஒரு முட்டை திறந்திருந்தது,
சாவி இல்லை.
விளிம்பு முழுக்கக் கடித்த தடம்.
இந்த வீட்டில் பிறந்து வெளியேறியது
இந்த வீட்டுக்காரர் இல்லை.

அவன் அங்கேயே நின்றிருந்தான்.
கடுகில் பாதி. கருப்பு. மணி கோத்த நீளக் கொம்பு.
பறந்து போகலாம், போகவில்லை.
தமக்கையர் கடித்து வெளிவரக் காத்திருந்து
ஒவ்வொருத்தியையும் வாசலிலேயே கூடினான்.
முர்த்தாஸ் கண்ணை எடுத்து
சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

மாலைக்குள் பதினோரு பெண்கள்.
இவர்களின் கொம்பு குட்டை, முனை தடித்திருக்கும்.
கொட்டத் தெரியாத குளவிகள்.
இன்னொரு தாயின் முட்டைக்குள் ஊசி இறக்கி,
இது எடுத்துக்கொள்ளப்பட்டது என்று
ஊசி முனையாலேயே மேலே கோடிழுத்துப் போகிறவர்கள்.

பெயர் வேண்டுமென்றால் ஒருத்தியைக் கொல்லவேண்டும்.
சாராயத்தில் இட்டு, காகித முக்கோணத்தின் நுனியில்
பசையால் ஒட்டினேன்.
கையேடு கேட்டது:
தலையின் பின்னே வரம்பு முழுமையா? ஆம். ஒன்பதுக்குப் போ.
மார்பின் பக்கத்தில் குழிகள் வரிசையாய் ஓடுகின்றனவா?
விளக்கைச் சாய்த்தேன். ஒரு பக்கம் ஓடுகின்றன.
மறுபக்கம் பசை.
வயிற்றின் முதல் வளையத்து ஓரத்தில் மயிர் எத்தனை?
இரண்டு. இல்லை, மூன்று.
மூச்சை நிறுத்திப் பார்த்தால் இரண்டு.

"நம்முடையதா, வந்ததா?" என்றார் முர்த்தாஸ்.
பூச்சி ஏதோ சரக்குப் பெட்டியில் கடல் கடந்து வந்தது.
அதன் பின்னாலேயே, யாரும் அழைக்காமல்,
இதுவும் வந்திருக்கலாம்.
இங்கேயே இருந்த ஏதோ ஒன்று
புது முட்டையை ருசி பார்த்திருக்கலாம்.
தெரியவில்லை என்று அவரிடம் சொன்னேன்.
சீட்டில் பேரினத்தின் பெயரை எழுதி,
சிற்றினத்துக்கு முன்னால்
'போல' என்று ஒரு சொல் சேர்த்தேன்.
கவிஞர்களுக்கு அது அலங்காரம்.
எனக்கு, பசை படாத இன்னொரு குளவி வேண்டும்.

அடியில் தேதி, ஊர், சேகரித்தவர் பெயர்.
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய சீட்டு.
அவர் லென்ஸைக் கேட்டு வாங்கி
நெடுநேரம் படித்தார்.
"என் ஊருக்கு ஓர் எழுத்து குறைகிறது" என்றார்.
திருத்தினேன்.

வெளியே போய் டிராக்டர்காரரிடம் போனில் பேசினார்.
கத்தினார், சிரித்தார், மறுபடி கத்தினார்.
ஆற்றோரம் ஐந்து வரிசையை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.
மற்றதற்கு மருந்துதான்.
வங்கிக்குக் குளவி தெரியாது.

வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தேழு வாசல்.
ஒன்று மட்டும் அப்படியே கருத்துக் கிடக்கிறது.
ஊசியால் திறந்து பார்க்கலாம்.
தீப்பெட்டியை மூடி,
மேலே அவர் பெயரை முழுதாய் எழுதி
அலமாரியில் வைத்திருக்கிறேன்.