முன்பு ஓடிய மின்சாரம்

லீபாயாவில் காற்று வேறெங்கிருந்தும் வருவதில்லை,
இங்கேதான் பிறக்கிறது என்பார்கள்.
நாலாம் மாடியில் இங்குஸ்
அதில் ஒரு ஜன்னலளவு உள்ளே விட்டு,
கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறான்.
பிப்ரவரி. மணி இரண்டே கால்.
கம்பளிக் காலுறை, அதன்மேல் இன்னொன்று.

ப்ராசசர் பழையது. முப்பத்தைந்து யூரோ.
யெல்கவாவிலிருந்து ஒரு பெண்
முட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள்.
'ஒரு குறையும் இல்லை' என்று கூடவே ஒரு சீட்டு.

நாலு புள்ளி ஏழுக்கு
ஒன்று புள்ளி இரண்டு எட்டு வோல்ட் போதும்
என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.
போதவில்லை.
பத்து நிமிஷச் சோதனை, நீலத் திரை.
ஒன்று புள்ளி மூன்று. இருபது நிமிஷம். நீலத் திரை.
ஒன்று புள்ளி மூன்று நான்கு:
ஒரு மணி நேரம் சமர்த்தாய் ஓடி
அவன் தேநீர் ஊற்றப் போன நேரம் பார்த்து
நீலத் திரை.
தொண்ணூற்றிரண்டு டிகிரியில் ஃபேன்கள்
தகரக் குடுவைக்குள் அகப்பட்ட வண்டாய்.

இன்னும் கொஞ்சம் ஏற்றினால்
பயாஸில் அந்த எண் மஞ்சளாகும்.
அதற்கும் மேலே சிவப்பு.
சிவப்பு யாரையும் தடுப்பதில்லை,
என்டர் தட்டினால் ஏற்றுக்கொள்ளும்.

துறைமுகத்தில் அவன் ஓட்டும் கிரேனில்
பன்னிரண்டு டன் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது.
பதின்மூன்று தூக்காதவன் அங்கே எவனுமில்லை.
அன்றைக்கு ஒன்றும் ஆகாது.
ஆகாததுதான் வினை.
கம்பிவடம் முகம் சுளிக்காது,
உள்ளே ஓர் இழை, காற்றுக்கும் கேட்காமல்,
விட்டுக்கொடுக்கும்.
மாதமொருமுறை கிரீஸைத் துடைத்து
அறுந்ததை எண்ணுகிறவன் இவன்தான்.
இதில் எதைத் துடைத்து எதை எண்ணுவது?
கண்ணுக்கெட்டாத செம்புத் தடத்தில்
அணு அணுவாய்க் குடிபெயர்ந்துகொண்டிருப்பதை
நீலத் திரை வந்துதான் சொல்ல வேண்டும்.

செய்தி அனுப்பினான்:
எவ்வளவு வோல்ட் கொடுத்து ஓட்டினீர்கள்?

காலையில் பதில். விஸ்மா என்று பெயர்.
'நம்பர் நினைவில்லை. சிவப்பாக இருந்தது.
முந்தைய குளிர்காலம் வெந்நீர்க் குழாய் வெடித்து
பதினோரு நாள் கட்டடத்துக்கே சூடில்லை.
மின்சாரம் மட்டும் இருந்தது.
எல்லா கோரையும் முழுமூச்சில் ஓடவிட்டு
பெட்டியின் பின்பக்கமாய்க் கட்டிலை இழுத்துப் போட்டோம்.
குழந்தைக்கு அப்போது ஏழு மாதம்.
குறையில்லை என்று எழுதியது பொய்யில்லை,
எங்களுக்கு அது ஒரு குறையும் வைக்கவில்லை.
பணம் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.'

கிரேன் கூண்டுக்குள், கையுறையைக் கழற்றி
இரண்டு தரம் படித்தான்.
வேண்டாம் என்று எழுதினான். வேறொன்றும் எழுத வரவில்லை.

அன்றிரவு சிவப்பை ஒருமுறை தட்டிப் பார்த்தான்
என்பதையும் சொல்லிவிட வேண்டும்.
ஐந்து புள்ளி பூஜ்யம்.
பதினேழு வினாடி.
கைபேசியில் படம் பிடித்துக்கொண்டான்.

பிறகு இறங்கினான்.
நாலு புள்ளி மூன்று,
ஒன்று புள்ளி இரண்டு ஆறு.
புத்தம்புதிதாய் இருந்திருந்தால்
இந்த வேகத்துக்கு இவ்வளவு கேட்டிருக்காது.
கேட்கட்டும்.
விடியும்வரை ஓடியது. அறுபத்தெட்டு டிகிரி,
ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஜன்னலைச் சாத்தினான்.
பெட்டியின் பின்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தான்.
லேசான வெதுவெதுப்பு.
ஏழு மாதக் குழந்தைக்குக் காணாது.