சரக்கு எடை

மேலூரில் நாலுவழிச் சாலை இறங்கும் வளைவில்
எங்கள் எடைமேடை.
இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை
கண்ணாடிக் கூண்டுக்குள் நான்,
ஒரு மானிட்டர், பாதி எரிந்த கொசுவத்தி,
தொலைநிலைக் கல்வி எம்.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு.

கட்டுரை: பெரியாற்றுத் தண்ணீரும் மேலூர்க் கடைமடையும்.
மூவாயிரம் சொல்.
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்
நாகமலைப் புதுக்கோட்டையில் கொடுத்தாக வேண்டும்.
இன்று புதன்.
இல்லை, மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. வியாழன்.

முதல் வரியை ஏழு தடவை எழுதிவிட்டேன்.
ஆதிகாலம் தொட்டே மனிதனும் நீரும் என்று ஆரம்பித்தால்
மேலூர் வந்துசேர மூன்று பக்கம் ஆகிறது.
முதல் வரைவைத் திருப்பி அனுப்பிய பேராசிரியை
ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார்:
'சரி, இதில் நீங்கள் சொல்வது எது?'
'நீங்கள்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

ஹாரன்.
கொட்டாம்பட்டி சோலைராசு, வைக்கோல் லோடு.
"கிளீனரையும் இறக்குங்க."
"தூங்குறான்மா."
"தூங்கினாலும் அறுபது கிலோ."
திரையில் எண்கள் துடிக்கின்றன,
ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது, அறுபது, மறுபடி நாற்பது.
நிற்கும்வரை பொறுக்க வேண்டும்.
அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தினால்
விடிகாலையில் சண்டைக்கு வருவார்கள்.

ஆறு வருஷமாகப் பார்க்கிறேன்.
வைக்கோலில் தண்ணீர் அடித்து எடை ஏற்றுவார்கள்.
லோடோடு வரும்போது டிரம் நிறையத் தண்ணீர்,
காலி வண்டியாய்த் திரும்பும்போது டிரம்மும் காலி.
நான் ஒன்றும் சொல்வதில்லை,
எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான், அவர்களே கொட்டிவிடுவார்கள்.

என் இரண்டாம் பகுதியை எட்டிப் பார்த்தேன்.
நான்கு மேற்கோள்கள்
ஒன்றன்பின் ஒன்றாக, அரைப் பக்கம் அரைப் பக்கமாக.
டிரம் தளும்புகிறது.

கொட்டினேன்.
ஆதிகால மனிதனையும் இறக்கிவிட்டேன்.
'மேற்கண்டவற்றிலிருந்து தெளிவாகிறது' என்று தொடங்கிய முடிவுரையில்
தெளிவானது ஒன்றும் இல்லை, அதுவும் போயிற்று.
மிச்சம் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சொற்கள்.
அதில் பாதி அடிக்குறிப்பு.

பதினான்காம் அடிக்குறிப்பு, பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில்:
'கடைமடைக்குத் தண்ணீர் எந்த நாள் வரும் என்ற செய்தி
எல்லாத் தெருக்களுக்கும் ஒரே நேரத்தில் சென்றதில்லை
எனக் கள ஆய்வில் அறிய முடிகிறது.'

கள ஆய்வு!
எங்கள் வீட்டு அடுப்படியில் செய்த ஆய்வு.
எங்கள் தெருவுக்கு எப்போதும் மறுநாள்தான் தெரியும்.
மண்வெட்டியோடு ஓடும்போது மடை அடைத்திருக்கும்.
மதகின் உயரம், கால்வாயின் நீளம், வரி பாக்கி
எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது.
யாருக்கு முதலில் சொன்னார்கள் என்பது மட்டும்
ஒரு பக்கத்திலும் இல்லை.

அதை வெட்டி முதல் பத்தியில் ஒட்டினேன்.
உடனே மற்ற பத்திகள் எல்லாம்
வரிசை மாற்றச் சொல்லித் தகராறு செய்தன.
மதகு மூன்றாவதற்குப் போயிற்று,
வரி பாக்கிக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது.
'அறிய முடிகிறது' என்பதை அடித்துவிட்டு
'எங்கள் தெருவுக்கு' என்று எழுதினேன்.
ஆய்வுக் கட்டுரையில் 'எங்கள்' வரலாமா?
அடித்தேன்.
அந்த இரண்டு சிவப்புக் கோடு ஞாபகம் வந்து
மறுபடி எழுதினேன்.

ஐந்தரைக்குக் காலி லாரி திரும்பி வந்தது.
இந்தத் தடவை கிளீனர் பையன் விழித்திருந்தான்.
எடைச்சீட்டு அச்சாகும்வரை
கண்ணாடி வழியே என் தாள்களைப் பார்த்தான்,
அடித்தல் திருத்தல், அம்புக்குறிகள்,
பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கம் முழுக்க எழுத்து.
"என்னக்கா இது, புகார் மனுவா?"

மொத்த எடையில் வண்டி எடையைக் கழித்துக்கொண்டிருந்தேன்.
"ஆமா" என்று வாய் முந்திக்கொண்டது.

இன்னும் ஆயிரத்து எழுநூறு சொல் வேண்டும்.
நான்காம் பத்தி நகர மறுக்கிறது.