ஏழு நிமிடம்

ரீகாவில் நான்காம் சுற்று.
வெளியே ஆறு உறைந்து கிடந்தது.
உள்ளே, சுவரில் தீர்மானம்:
நிலக்கரிச் சுரங்கங்களை இந்த ஆண்டே மூட வேண்டும்.
குலுக்கலில் எங்களுக்கு விழுந்தது
ஆதரவு.

வீட்டோல்ட் என் முகத்தைப் பார்த்தான்.
பிட்டொமில் என் அப்பா
இந்நேரம் எழுநூறு மீட்டர் ஆழத்தில்.
"தொழிலாளர் பகுதியை நான் எடுத்துக்கவா?"
"வேண்டாம்" என்றேன்.
தயாரிக்கப் பதினைந்து நிமிடம்;
அதில் மூன்றை மை வராத பேனா தின்றது.

நுரையீரல்களின் கணக்கைச் சொன்னேன்.
ஓய்வூதியம், மறுபயிற்சி, காற்று.
நா தடுக்கவில்லை,
அதுதான் பயமாயிருந்தது.

ஐந்தாம் நிமிடத்தில்
கேப்டவுன்காரி லுங்கிலே
ஒரு கையைத் தலைமேல் வைத்து எழுந்தாள்:
"ஐம்பது வயதுக்காரன் இனி எதைக் கற்பான்?"

அப்பாவுக்கு ஐம்பத்தொன்று.
"நீச்சல்" என்றேன், ஏனென்று தெரியாமல்.
அரங்கு சிரித்து மேசைகளைத் தட்டியது.
அப்பாவுக்குத் தண்ணீரென்றால் பயம்.

முதலிடம்.

இரவு அவரே அழைத்தார்.
ஜெயிச்சியா?
ஜெயிச்சேன்.
எதைப் பத்திப் பேசினே?

இங்கே குளிர் ஜாஸ்தி என்றேன்.
இருமல் தீரக் கொஞ்ச நேரமாயிற்று.
பிறகு,
இங்கேயும் என்றார்.