மூன்றில் ஒரு பங்கு

விதி எளியது.
உங்கள் ஊருக்கு என்ன வேண்டுமோ கேளுங்கள்;
மூன்றில் ஒரு பங்கை நீங்கள் கட்டினால்
மீதி இரண்டை அரசு போடும்.
சுற்றறிக்கையை ஸ்கூட்டியில் வைத்து
எல்லா ஊருக்கும் கொண்டுபோய்க்
கையெழுத்து வாங்கிவந்தவள் நான்.
ஒரு தெருவையும் விட்டுவிடவில்லை.

பொன்னி நகர் நலச்சங்கம்
மூன்றாம் நாளே காசோலை நீட்டியது.
பூங்காவில் நடைபாதை ஏற்கெனவே உண்டு;
மழை பெய்தால் கல் வழுக்குகிறதாம்.
வழுக்கத்தான் செய்தது. நானே நடந்து பார்த்தேன்.
பொய் சொல்லும் ஆட்களில்லை அவர்கள்.

கருவக்குளத்தார் கேட்டது பாலம்.
வடிகாலுக்கு மேலே பதினொரு மீட்டர், அவ்வளவுதான்.
அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுடுகாடு.
ஐப்பசியில் தண்ணீர் இடுப்புக்கு ஏறும்.
போன வருஷம் ஒரு பிணத்தை
இரண்டு நீல பேரலுக்கு நடுவில் கட்டி
இழுத்துப் போனார்களாம்.
அளக்கப் போனபோது இதை யாரும் முறையிடவில்லை;
டேப்பின் மறுமுனையைப் பிடித்த பையன்
பேச்சுவாக்கில் சொன்னது.
மதிப்பீடு ஒன்பது லட்சம்.
மூன்றில் ஒன்று மூன்று லட்சம்.
கடினமான கணக்கில்லை.

செங்கமலம் மகளிர் குழுவோடு வந்தாள்.
மஞ்சள் பையில் பதினாலாயிரத்து முந்நூற்று நாற்பது.
கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு:
பெயர், அதற்கு நேரே நாள்.
தவமணி, பன்னிரண்டு நாள்.
வீரையன், முப்பது, கொத்து வேலை தெரியும்.
அஞ்சம்மாள், ஆறு, இடுப்புவலி இல்லாதபோது.
"மிச்சத்த இப்புடிக் கட்டிடுறோம் மேடம்."

படிவத்தில் நாளுக்குக் கட்டம் இல்லை.
காசோலை எண், வங்கிக் கிளை, தேதி.
குறிப்பு என்று விட்டிருந்த ஒன்றரை வரியில்
நெருக்கி நெருக்கி எல்லாப் பெயரையும் எழுதினேன்.
மாவட்டத்திலிருந்து திரும்பி வந்தது:
பங்குத்தொகை போதாது.
சிவப்பு மைகூட இல்லை. சாதாரண நீலம்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று
என் மேசையிலேயே எண்ணினாள்,
பெயர் பெயராகப் பிரித்து, ரப்பர் பேண்ட் போட்டு.
கோபப்படவில்லை.
"ஒண்ணு கேக்கட்டா?
ஆத்துல தண்ணி கொறஞ்சா என்ன செய்வாங்க?
எல்லா மதகையும் ஒரே மாதிரி ஒரு சாண் தூக்கி வெச்சா
மேமடைக்காரன் வயல் ரொம்பும்,
எங்க வாய்க்கால்ல ஈரம்கூட வராது.
அதுனாலதான மொறை வெக்கிறாங்க?
மேலே அஞ்சு நாள் அடைச்சாத்தான்
எங்களுக்கு ரெண்டு நாள்.
லஸ்கர் வைரக்கண்ணுக்குத் தெரிஞ்சது
கலெக்டர் ஆபீஸுல ஒருத்தருக்குமா தெரியாது?"

டீ சொல்லவா என்று கேட்டேன்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள்.

மார்ச் முடிவதற்குள் பொன்னி நகர் வேலை முடிந்தது.
அளந்தேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
நலச்சங்கத் தலைவர் சபாநாயகம் நல்ல மனிதர்,
வெயிலில் நிற்கிறேனே என்று மோர் கொடுத்தார்.
"கடைமடைப் பக்கத்து ஊரெல்லாம்
ஏம்மா இதுக்கு விண்ணப்பிக்க மாட்டேங்குது?
விழிப்புணர்வு போதலையோ?"
உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்.
வாயில் மோர் இருந்தது,
அதனால் பதில் சொல்லவில்லை
என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன்.
வேலை சுத்தம்; குறை எழுத ஒன்றுமில்லை.
அப்புறம், எதற்கென்று தெரியாமல்,
முந்நூற்றுப் பன்னிரண்டைப் பதினொன்றால் வகுத்தேன்.
இருபத்தெட்டு.
மீதி நாலு மீட்டர்.
அந்த நாலு மீட்டரிலும்
இனி யாரும் வழுக்கி விழ மாட்டார்கள்.