ஏழாம் பத்தி

மதுரைக்கு முகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.
நான் பார்த்தது முதுகு.
வீடுகளுக்குப் பின்னால்
ஓராள் ஒருக்களித்து நுழையும் சந்துகள்,
முழங்கால் உயரத்தில் தகரக் கதவுகள்,
உள்ளே வாளி.

யார் வீட்டில் விருந்து, யார் வீட்டில் பட்டினி,
யாருக்கு நேற்றிரவு பேதி
என்று வாசலில் கேட்டால் சொல்லமாட்டார்கள்.
வாளி சொல்லும்.
அதன் பாஷை தெரிந்தவள் ஓபுளம்மா.
முந்தானையால் வாயை மூடிக்கொண்டு
தெலுங்கும் தமிழுமாக எனக்குச் சொல்வாள்:
"கஞ்சித் தண்ணி மாதிரி, சாமி. மூணு வீடு."

பங்குனிக் கடைசி.
அழகர் ஆற்றில் இறங்கப் பதினெட்டு நாள்.

மூன்றில் இரண்டு வீட்டில் பாடை கட்டினார்கள்.
பதிவேடு என் மேஜைக்கு வந்தது.
பெயர், வயது, தகப்பன் பெயர், தெரு...
ஏழாம் பத்தி: இறப்பின் காரணம்.
பேனாவைத் திறக்கும்போது கவுன்சிலர் வந்தார்,
பின்னாலேயே காப்பி வந்தது.
"ஞானாதிக்கம் சார், அந்த மூணெழுத்தை எழுதினா
அழகரை மூணுமாவடியிலயே நிறுத்தணும்.
லட்சம் சனம், ரயிலு, கடைகண்ணி...
வயசான உடம்புங்க.
வயித்துப்போக்குன்னு போடுங்க.
அதுவும் உண்மைதானே?"

உண்மைதான்.
மூச்சு நின்றதால் செத்தார் என்று எழுதினாலும்
உண்மைதான்.

திருவிழாவுக்குள் ஐந்து முறை அப்படி எழுதினேன்.

எழுதியதற்கு ஈடாக ஓடினேன்.
கிணறு கிணறாகப் பர்மாங்கனேட் கரைத்தேன்.
மாலையில் ரோஜா நிறம், காலையில் வெறும் தண்ணீர்.
முனிச்சாலைச் சாயப்பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள்:
"எங்க சாயம் இதைவிட நிக்கும், சார்."
பந்தலில் ஈ மொய்த்த பானகக் குடத்தைக் கவிழ்த்தேன்,
புண்ணியத்தைக் கொட்டின பாவி என்றாள் ஒருத்தி.
பாலத்தடியில் ஊசியைக் காய்ச்சிக் காய்ச்சி
வரிசையில் வந்த கைகளில் குத்தினேன்.
அழகர்மேல் தோல்பைத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்,
சனம் கோவிந்தா என்கிறது,
என் வாயில் வந்தது
"எந்தக் கிணறு?"

அழகர் மலை சேர்ந்த மறுநாள்
ஓபுளம்மா செத்தாள்.

ஊசி வரிசையில் அவள் நிற்கவில்லை.
நின்றால் வரிசை கலைந்துவிடும்.
அவளுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.

பதிவேடு வந்தது. கவுன்சிலர் வரவில்லை.
காப்பியும் வரவில்லை.
தகப்பன் பெயரை மருமகனிடம் கேட்டேன்,
அவனுக்குத் தெரியவில்லை, அங்கே ஒரு கோடு.
ஏழாம் பத்தியில்
இவளுக்காவது சரியாக எழுதுவோம் என்று
கை நடுங்காமல்
மூன்றெழுத்து.

நகரில் முதல் காலரா என்று
கலெக்டர் ஆபீசுக்குத் தந்தி போயிற்று.
இடம்: முனிசிபல் லைன்வீடு, நம்பர் பதினொன்று.
ஒரு லாரி பிளீச்சிங் பவுடர், நாலு போலீஸ்,
லைனைச் சுற்றிக் கயிறு.
உள்ளே இருந்தவர்கள் வெளியே வரக்கூடாது.
சந்துகளில் வாளிகள் நிரம்பி வழிந்தன.
முன்வாசலில் கோலம் போட்டுக்கொண்டே பேசினார்கள்:
"அங்கேருந்துதான் வந்துச்சாம்."
பதிவேட்டைப் புரட்டினால்
அப்படித்தான் இருக்கிறது.
மேலே ஐந்து வரியும் என் கையெழுத்து,
ஆறாவதும் என் கையெழுத்து,
ஒரே மை.

எட்டாம் நாள் கயிற்றை அவிழ்த்தார்கள்.
அவள் சந்துக்குப் புதிதாக வந்தவன்
மீசை அரும்பாத பையன், அவள் பேரனாக இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.
தகரக் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தவனிடம்
"ஏதாவது உண்டா?" என்றேன்.

வாளியைப் பார்த்தான்.
என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பார்த்தான்.
"ஒண்ணுமில்ல, சாமி."

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு
எனக்கு வழிவிடச்
சுவரோடு சுவராக ஒதுங்கினான்.