ஏழாவது கிளை

பீடோரில் ஏழாவது கிளை.
பலகையில் பெயரை இன்னும் பெரிதாக
எழுதச் சொல்லிவிட்டார்
கடையநல்லூர் மசூது முதலாளி.

மைலோ, மத்தி டின், நேப்பாளிக்குக் கடுகெண்ணெய்.
தோட்டத்துக்கு எவர் புதிதாக வந்தாலும்
அவர் நாக்கைத் தெரிந்துகொள்ள
ஒரு சம்பள நாள் போதும் இவருக்கு.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது
மற்றவர்கள் கடையைப் பூட்டினார்கள்.
இவர் லோரி வாங்கினார்.

நான் கணக்கெழுதுகிறவள்.
முதல் கடையின் 555 நோட்டு
மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கிறது.
அதில் என் அப்பா பெயர்,
பதினெட்டு வெள்ளி நாற்பது காசு,
குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
கோடு போட்டது ஏனென்று நான் கேட்டதில்லை.
நோட்டுக்கு அடியில்
பச்சை அட்டைக் கடப்பிதழ்கள் பதினொன்று.

"கூட்டிவந்த சாச்சா
என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தார், மூன்று வருஷம்.
அரிசி மூட்டைமேல்தான் தூக்கம்" என்பார்.
சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

திறப்பு விழாப் பந்தல் பிரிக்கும்போது
ரஃபிக்குல் வந்து நின்றான்.
ஊரில் தங்கைக்குக் கல்யாணமாம்.

முதலாளி சாவியைத் தேடினார்.
சட்டைப் பையில், இடுப்பு பெல்ட்டில்,
கல்லாவுக்கு அடியில்.
தேடிக்கொண்டே இருந்தார்.

இன்னொரு சாவி
என் வளையலோடு தொங்குகிறது.
அது அவருக்கும் தெரியும்.